பாபு ஜகஜீவன்ராமும் தொழிலாளர் வைப்பு நிதியும்

உழைக்கின்ற கை ஒருநாள் ஓய்ந்தே தீரும். அந்நாளில் அக்கையில் என்ன எஞ்சியிருக்கும் என்பதே ஏழைத் தொழிலாளியின் வாழ்வில் மிகப் பெரிய வினா. நிலமுடையோர்க்கு முதுமையிலும் நிலம் சோறிடும். கடையுடையோர்க்குக் கடை சோறிடும். உடலுழைப்பு ஒன்றையே உடைமையாகக் கொண்டோர்க்கு உடல் தளர்ந்தபின் சோறிடுவது எது? பல தலைமுறைகளாக நம் மக்கள் கண்ட விடை, பிள்ளைகளின் தயவு அல்லது முதலாளியின் தயவு என்பதே. தயவு இன்று வரும். நாளை வாராது போகும். வாராதபோது ஏன் என்று கேட்க இயலாது. உரிமையோ கேட்டுப் பெறத்தக்கது. மறுத்தால் வழக்காடிப் பெறத்தக்கது.

முதுமைக்காலப் பணத்தைத் தயவு என்னும் நிலையிலிருந்து உரிமை என்னும் நிலைக்கு உயர்த்திய சட்டங்களுள் தலையாயது, ஆலைத் தொழிலாளர்க்கான வருங்கால வைப்பு நிதிச் சட்டம். பி.எப். என்று நம் ஊர்களில் வழங்குவது இதுவே. அச்சட்டம் பிறந்தபோது இந்திய அரசின் தொழிலாளர் அமைச்சராக வீற்றிருந்தவர், தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த பாபு ஜகஜீவன்ராம் ஆவார். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரைக் கையில் ஏந்தும் இளைஞர்கள், அப்பெருமகனாரின் வாழ்வை இந்த ஒரு கோணத்திலிருந்து அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

இளமையும் கல்வியும்

பீகார் மாநிலத்தில் அந்நாளில் ஷாஹாபாத் மாவட்டம் என வழங்கிய பகுதியில், ஆரா நகரை அடுத்த சந்த்வா என்னும் சிற்றூரில், 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஜகஜீவன்ராம் பிறந்தார். தந்தையார் சோபி ராம் ஆங்கிலேயரின் படையில் பணியாற்றியவர். அப்பணியைத் துறந்து ஊர் திரும்பிச் சிறிது நிலம் வாங்கிப் பயிரிட்டு வந்தார். சிவநாராயணி என்னும் சமய நெறியின் மடத்தலைவராகவும் விளங்கினார். அழகிய கையெழுத்தில் நூல்களைப் படியெடுத்துத் தம் மக்களிடையே பரப்பியவர் என்றும் கூறுவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே தந்தையார் மறைந்தார். வறுமைக்கும் ஊராரின் ஏளனத்திற்கும் இடையே மகனின் படிப்பை நிறுத்தாமல் காத்தவர், அன்னையார் வசந்தி தேவி.

ஆரா நகரப் பள்ளியில் அவர் பயின்ற காலத்து நிகழ்ச்சி ஒன்று புகழ்பெற்றது. அப்பள்ளியில் இந்து மாணவர்க்கு ஒரு தண்ணீர்ப் பானையும் முஸ்லிம் மாணவர்க்கு ஒரு பானையும் இருந்தன. ஜகஜீவன்ராம் முதற்பானையில் நீர் அருந்தியதைச் சிலர் குறையாகக் கூறவே, தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென மூன்றாம் பானை ஒன்று வைக்கப்பட்டது. சிறுவர் அப்பானையை உடைத்தார். மீண்டும் வைத்தனர், மீண்டும் உடைத்தார். இறுதியில் தலைமையாசிரியர் மூன்றாம் பானை வேண்டாம் என முடிவு செய்தார். தனிப்பானையில் நீர் கிடைத்ததே என்று அமைதி கொள்ளாமல், எல்லாரும் அருந்தும் நீரில் தமக்கும் பங்குண்டு என்று நின்ற அந்த உள்ளமே பிற்காலத்தில் அமைச்சர் பதவியிலும் அவரோடு இருந்தது.

1925-ஆம் ஆண்டில் அப்பள்ளிக்கு வருகை தந்த பண்டித மதன்மோகன் மாளவியா, இம்மாணவரின் பேச்சாற்றலைக் கண்டு வியந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வந்து பயிலுமாறு அழைத்தார். அங்கே உபகாரச் சம்பளம் கிடைத்தது, மதிப்புக் கிடைக்கவில்லை. விடுதியில் உணவு பரிமாற மறுத்தனர். ஊரில் முடி திருத்துவோரும் அவருக்குத் திருத்த மறுத்தனர். அவற்றையெல்லாம் எதிர்த்து நின்றே கற்றார். பின்னர் கல்கத்தா சென்று, 1931-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றார்.

தொழிலாளரிடையே

கல்கத்தா அவருக்குப் பட்டத்தோடு மற்றொரு பாடத்தையும் தந்தது. சணல் ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தோருள் பெரும்பகுதியினர் பீகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். அவர்களை ஒன்றுகூட்டி 1928-இல் வெல்லிங்டன் சதுக்கத்தில் அவர் நடத்திய பேரணியில் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர் என்பர். அப்போது அவருக்கு வயது 20.

1934-இல் பீகாரைச் சீர்குலைத்த நிலநடுக்கத்தின்போது துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டார். 1935-இல் அகில இந்தியத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் கழகத்தை நிறுவுவதில் முன்னின்றார். 1937-இல் பீகார் சட்டமன்ற உறுப்பினரானார். அதே ஆண்டில் விவசாயக் கூலிகளுக்கெனத் தனி அமைப்பு ஒன்றையும் உருவாக்கினார். விடுதலைப் போரில் இருமுறை சிறை சென்றார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். அண்ணல் அம்பேத்கர் காங்கிரசுக்கு வெளியே நின்று தனி இயக்கம் கண்டார். ஜகஜீவன்ராம் காங்கிரசுக்கு உள்ளே நின்று பணி செய்தார். இருவர்க்கும் இடையே கருத்து வேற்றுமை ஆழமானது. எவர் வழி சரியான வழி என்பது பற்றி நம் மக்களிடையே இன்றும் வாதம் உண்டு. ஆயினும் தொழிலாளர் துறையைப் பொறுத்தவரை, ஒருவர் உழுத நிலத்தில் மற்றொருவர் விதைத்தார் என்பதை இரு சாராரும் ஒப்புக்கொள்ளலாம். 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்று நடத்தியவர் அம்பேத்கர். அவர் காலத்தில்தான் அரசும் முதலாளிகளும் தொழிலாளரும் ஒரே மேசையைச் சுற்றி அமரும் முத்தரப்பு மாநாடு நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் நோய்க்காலக் காப்பீடு குறித்து ஆராயப் பேராசிரியர் அதார்க்கர் அமர்த்தப்பட்டு, 1944-இல் அறிக்கை அளித்ததும் அக்காலத்திலேயே.

தொழிலாளர் அமைச்சர்

1946 செப்டம்பர் 2-ஆம் நாள் நேருவின் தலைமையில் இடைக்கால அரசு அமைந்தபோது, தொழிலாளர் துறை ஜகஜீவன்ராமிடம் வந்தது. வயது 38. அந்த அமைச்சரவையில் அவரே மிக இளையவர். 1952 வரை அத்துறை அவரிடமே இருந்தது.

அந்த ஆறாண்டுகளில் பிறந்த சட்டங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். தொழிற்தகராறுச் சட்டம் 1947-இல் வந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் ஆகிய மூன்றும் 1948-இல் வந்தன. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. 1950-இல் ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டின் 33-ஆம் கூட்டத்திற்கு அவரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தனிப்பானை வைத்த நாட்டிலிருந்து சென்றவர் உலக நாடுகளின் அவைக்குத் தலைமை தாங்கினார்.

முதுமைக்காலப் பணம் குறித்த முதற்படி நிலக்கரிச் சுரங்கங்களில் எடுத்து வைக்கப்பட்டது. பூமிக்கடியில் இருளில் உழைத்த சுரங்கத் தொழிலாளருள் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் மிகுதி. நிலக்கரிச் சுரங்க வைப்பு நிதி மற்றும் போனஸ் திட்டச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. சுரங்கத்திற்கு ஒன்று, மற்ற ஆலைகளுக்கு ஒன்று என நீதி இருத்தலாகாது என்னும் கேள்வி அதன்பின் இயல்பாக எழுந்தது.

அதற்கு முன் நிலை எவ்வாறு இருந்தது? அரசு ஊழியர்க்கும் ரயில்வே ஊழியர்க்கும் வைப்பு நிதி இருந்தது. கடன்காரர் அதனை ஜப்தி செய்யாதவாறு 1925-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று காத்தது. தனியார் ஆலைகளிலோ, மனம் உவந்த முதலாளிகள் சிலர் தாமாக நிதி ஏற்படுத்தினர், ஏற்படுத்தாதோர் பலர். ஏற்படுத்திய இடத்திலும் விதிகளை வகுத்தவர் முதலாளியே. தாம் அளிக்கும் பங்கை எப்போது தருவது, எப்போது மறுப்பது என்று தீர்மானிப்பவரும் அவரே. பணமும் பல இடங்களில் ஆலையின் வாணிபத்திலேயே கிடந்தது. ஆலை நொடித்தால் தொழிலாளியின் இருபதாண்டுச் சேமிப்பும் அதனோடு மூழ்கும். ஓய்வுக்காலப் பணம் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தும் அது தொழிலாளியின் பணமாக இல்லை.

ரூபாய்க்கு ஓரணா

ஆலைத் தொழிலாளர் அனைவர்க்கும் கட்டாய வைப்பு நிதி வேண்டும் என்று 1948-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தனி மசோதா கொணர்ந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயும் என்ற உறுதியின்மேல் அது திரும்பப் பெறப்பட்டது. முத்தரப்புக் குழுக்களில் ஆராய்ச்சி நடந்தது. 1951 நவம்பர் 15-ஆம் நாள் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1952 மார்ச் 4-ஆம் நாள் அதன் இடத்தில் முழுச் சட்டம் வந்தது. ஜகஜீவன்ராம் தொழிலாளர் துறையை விட்டு நீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் நிகழ்ந்தது இது. அவரை அடுத்து அமைச்சரான வி.வி. கிரியின் காலத்தில், 1952 நவம்பர் முதல் திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

தொடக்கத்தில் சிமெண்ட், சிகரெட், பொறியியற் பொருள்கள், இரும்பு எஃகு, காகிதம், துணி ஆகிய ஆறு தொழில்களுக்கே அது பொருந்தியது. 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலையாக இருத்தல் வேண்டும். அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு ஆறேகால் தொழிலாளியின் பங்கு; அதே அளவு முதலாளியின் பங்கு. அந்நாளைய கணக்கில் ஆறேகால் விழுக்காடு என்பது ரூபாய்க்கு ஓரணா. படிப்பறியாத தொழிலாளியும் விரல்விட்டு எண்ணிக்கொள்ளத்தக்க கணக்கு அது. திங்களுக்கு 80 ரூபாய் பெற்றவர் 5 ரூபாய் செலுத்துவார். முதலாளி 5 ரூபாய் செலுத்துவார். ஆண்டுக்கு 120 ரூபாய் சேரும். கூலி உயராவிடினும் இருபது ஆண்டில் 2,400 ரூபாய்; வட்டி தனி. முதலாண்டு வட்டி 3 விழுக்காடு. இத்தொகை பெரிதன்று எனலாம். ஆயின், மாத முடிவில் கடன்காரன் வாயிலில் நிற்கும் வீட்டில் ஒரு காசும் சேமித்தறியாத குடும்பத்திற்கு அது முதல் உடைமை.

சட்டத்தின் உட்பொருள்

தொகையினும் முதன்மையானவை அச்சட்டம் நாட்டிய வேலிகள். நம் இளைஞர்கள் இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, நிதியின் நிர்வாகம் பொது அமைப்பிடம் சென்றது. அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் அமர்ந்த அறங்காவலர் குழு அதனை நடத்தியது. இரண்டாவது, தொழிலாளியின் கணக்கில் உள்ள தொகையை எந்தக் கடனுக்காகவும் நீதிமன்றம் ஜப்தி செய்தலாகாது. அதனை அடகு வைக்கவோ பிறர்க்கு மாற்றித் தரவோ இயலாது. வட்டிக்கடைக்காரர் கை எட்டாத இடத்தில் ஏழையின் பணம் இருப்பது எத்துணைப் பெரிய காப்பு என்பதை நம் மக்கள் அறிவர். மூன்றாவது, ஆலை திவாலானால் செலுத்தப்படாத பங்குத்தொகை மற்றக் கடன்களுக்கு முன்னதாகக் கொடுபடவேண்டும். நான்காவது, வைப்பு நிதிக்குப் பங்கு செலுத்துவதைக் காரணம் காட்டி முதலாளி கூலியைக் குறைத்தலாகாது. ஐந்தாவது, ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தப்பட்டவரும் தொழிலாளியே. அவருடைய பங்கைச் செலுத்தும் பொறுப்பிலிருந்து முதன்மை முதலாளி தப்ப இயலாது.

இவ்வைந்தையும் ஒருங்கே நோக்கினால் ஒரே கருத்து விளங்கும். ஓய்வுக்காலப் பணம் உழைப்பாளி முன்னமே உழைத்து ஈட்டிய கூலியின் ஒரு பகுதி; கொடுபடும் நாள் மட்டுமே பின்னது. ஆகவே அது வைக்கப்பட்டிருக்கும் இடம் எதுவாயினும் உடைமை அவருடையது.

குறைகளும் பின்வந்த வளர்ச்சியும்

அச்சட்டம் எல்லாரையும் அணைத்துக்கொள்ளவில்லை. ஜகஜீவன்ராம் 1937-இல் ஒன்றுதிரட்டிய விவசாயக் கூலிகள் அதன் வெளியிலேயே நின்றனர். அவர் பிறந்த குலத்தின் பரம்பரைத் தொழிலான தோல் தொழில் முதல் ஆறு தொழில்களுள் இடம்பெறவில்லை. சிறு பட்டறைகளில் உழைத்தோரும் விடுபட்டனர். நம் மக்களுள் மிகப் பலர் இருந்த இடங்கள் இவையே. இக்குறையை எடுத்துரைப்பது அவர் பெருமைக்கு இழுக்கன்று. தொடர்ந்து செய்யவேண்டிய பணி எது என்பதை அது நமக்குக் காட்டுகின்றது.

வேலி மெல்ல மெல்ல விரிந்தது. 1960-இல் 50 பேர் என்னும் வரம்பு 20 பேராகக் குறைந்தது. புதிய தொழில்கள் பல சேர்க்கப்பட்டன. 1966-இல் ஜகஜீவன்ராம் மீண்டும் தொழிலாளர் அமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பரில் நீதியரசர் கஜேந்திரகட்கர் தலைமையில் முதலாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் அமைந்தது. குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1971-இல் வந்தது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர்க்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் பணிக்கொடை தர வழிசெய்தது. 1995-இல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. ரூபாய்க்கு ஓரணாவாக இருந்த பங்கு 1997-இல் 12 விழுக்காடாயிற்று.

தண்டனையும் கடுமையாயிற்று. தொழிலாளியின் கூலியில் பிடித்த பங்கை நிதியில் செலுத்தாத முதலாளி, நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடியவராகக் கருதப்படுவார் என்று 1973-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் விளக்கம் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அவ்விளக்கம் தொடர்கின்றது.

நீதிமன்றங்களும் இதே நெறியில் நின்றன. பீகார் அரசின் கல்வித்துறை அலுவலர் ஒருவர் தொடுத்த வழக்கில், அரசு ஊழியரின் ஓய்வூதியம் அரசு தன் விருப்பப்படி வழங்கும் நன்கொடை அன்று, அது அவரது உரிமை என்று உச்சநீதிமன்றம் 1971-இல் தீர்ப்பளித்தது. 1982 டிசம்பரில் நகாரா வழக்கில், குறிப்பிட்ட ஒரு நாளுக்கு முன் ஓய்வு பெற்றவர், பின் ஓய்வு பெற்றவர் என ஓய்வூதியரைப் பிரித்து, ஒரு சாரார்க்கு மட்டும் உயர்த்திய ஓய்வூதியம் தருவது சமத்துவ நெறிக்கு மாறானது எனத் தீர்த்தது. ஆலைத் தொழிலாளர்க்குச் சட்டம் நிலைநாட்டிய கருத்தும் அரசு ஊழியர்க்கு நீதிமன்றம் நிலைநாட்டிய கருத்தும் ஒன்றே.

வைப்பு நிதி, பணிக்கொடை, காப்பீடு முதலிய ஒன்பது சட்டங்களை ஒன்றுசேர்த்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டங்களின் பெயர் மாறலாம். உழைத்தவரின் பணம் உழைத்தவருக்கே என்னும் கருத்து மாறாதிருக்கின்றதா என்று விழிப்போடு காண்பது தொழிலாளரின் கடமை.

பிற்கால வாழ்வு

ஜகஜீவன்ராம் பின்னர் தகவல் தொடர்பு, ரயில்வே, உணவு, வேளாண்மை, பாதுகாப்பு எனப் பல துறைகளை ஏற்று நடத்தினார். 1963-இல் பெருந்தலைவர் காமராசரின் திட்டத்தை ஏற்று அமைச்சர் பதவியைத் துறந்தோருள் அவரும் ஒருவர். 1971-இல் வங்கதேசம் பிறந்த போரின்போது பாதுகாப்பு அமைச்சர் அவரே. 1975-இல் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை மக்களவையில் அவர் முன்மொழிந்தார் என்பது அவர் வாழ்வில் குறை கூறப்படும் செயல். 1977 பிப்ரவரியில் அவ்வரசிலிருந்து வெளியேறி எதிரணியில் சேர்ந்தார். 1979-இல் துணைப் பிரதமரானார். 1952 முதல் இடையறாது மக்களவை உறுப்பினராக விளங்கி, 1986 ஜூலை 6-ஆம் நாள் மறைந்தார்.

நம் கடமை

இளைஞர்களே! நம் வீடுகளில் துப்புரவுப் பணியிலும், ஆலையிலும், ஒப்பந்தக் கூலியாகவும் உழைக்கும் பெரியோர் பலர் உள்ளனர். கூலியில் பிடித்தம் உண்டா, பிடித்த பணம் கணக்கில் ஏறுகின்றதா என்று பலர் அறியார். ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் பழைய கணக்கு மறந்துபோகின்றது. இறந்த தொழிலாளியின் மனைவிக்குத் தமக்குச் சேரவேண்டிய தொகை உண்டு என்பதே தெரியாமல் போவதும் உண்டு. சட்டம் வேலியிட்டது, வேலிக்குள் இருக்கும் பயிரைக் காப்பது நம் படிப்பின் வேலை.

ஆதலால் படித்த பிள்ளை ஒவ்வொருவரும் தம் வீட்டில் உழைப்போரின் கூலிச் சீட்டை வாங்கிப் படித்தல் வேண்டும். 2014 முதல் தொழிலாளிக்கு வழங்கப்பட்ட 12 இலக்க நிலையான எண்ணைக் குறித்து வைத்தல் வேண்டும். வேலை மாறினும் அந்த எண் மாறாது. வாரிசு நியமனப் படிவம் நிரப்பப்பட்டுள்ளதா, அதில் பெயரும் பிறந்த நாளும் பிழையின்றி உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஓரெழுத்துப் பிழையால் பணம் பல மாதம் நின்றுவிடக்கூடும். பிடித்த பங்கு செலுத்தப்படவில்லை எனில், வைப்பு நிதி அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிட்டு, அதற்கான ஒப்புகையைப் பெற்றுப் பாதுகாத்தல் வேண்டும். கூலிச் சீட்டு, அடையாள அட்டை, பணி நியமனக் கடிதம் ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தைப் போலப் பேணுதல் வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் கற்பித்துவரும் எழுத்து, தேர்வு எழுதுவதற்கு மட்டும் பயன்பட்டால் போதாது. அதே எழுத்தைக்கொண்டு ஒரு முதியவரின் விண்ணப்பம் பிழையின்றி நிரப்பப்படுமானால், அவர் இறுதிக்காலத்தில் எவர் தயவையும் நாடாமல் தம் பணத்தைத் தாமே பெற்று உண்பார். ஜகஜீவன்ராமின் காலத்துச் சட்டம் அவருக்குத் தந்த உரிமை அன்றுதான் அவர் கைக்கு வந்து சேரும்.